மனசு இருந்த இடம்

மாசி பிறந்த பிறகும் அந்த வருஷம் பாலக்கோட்டில் பனி விட்டபாடில்லை. தக்காளி மண்டிக்கு வரும் டிராக்டரின் சத்தம்தான் முதலில் கேட்கும்; கிட்டே வந்த பிறகே உருவம் தெரியும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்துபோகும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கிறவர்கள் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அதில் குளிர்காய்வார்கள்.

மரிய ஆனந்தும் அங்கேதான் நிற்பான். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி வழியாகக் கடத்தூர் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர் அவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை வருஷத்தில் ரோட்டில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று முதலாளியே மற்ற டிரைவர்களிடம் சொல்லிக்காட்டுவார். ஆனந்துக்கும் அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

அன்றைக்குக் காலையில் தோளில் பையும் கையில் அட்டையுமாக ஒரு பெண் டீக்கடைக்கு வந்தாள். சேலத்தில் உளவியல் படிக்கிறவள், பேர் தேவிப்பிரியா.

"அண்ணா, கொஞ்ச நேரம் ஒதுக்குவீங்களா? நானும் நம்ம கடத்தூருதாங்க. வேலைக்குப் போறவங்களுக்கு, செய்யற வேலையில மனசு எவ்ளோ நிக்குது, டென்ஷன் எவ்ளோ இருக்குது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு ஆராய்ச்சி பண்றன்."

ஆனந்து பஸ்ஸின் கண்டக்டர் முருகேஷ் வாயிலிருந்த நிப்பட்டுத் தட்டையை அவசரமாக விழுங்கினான். "மனச அளக்கப் போறீங்களாம்மா? எதுல, கிலோவுலயா லிட்டர்லயா?"

"கேள்வியிலங்கண்ணா. நானு ஒண்ணு படிப்பன். எப்போதும், அடிக்கடி, சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை, இதுல எது உங்களுக்குப் பொருந்துதோ அதச் சொல்லணும்."

நான்கைந்து டிரைவர்கள் கூடிவிட்டார்கள். அவள் ஒவ்வொருவரையாக எதிரில் உட்காரவைத்தாள். ஆனால் கேட்டதும் சொன்னதும் எல்லார் காதிலும் விழுந்தது. ஆனந்தின் முறை வந்தது.

"'சாப்பிட்டு முடித்த பிறகு என்ன சாப்பிட்டேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.'"

"ஒருபோதும் இல்லை."

"'ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் மனம் வேறெங்கோ போய்விடுகிறது.'"

"ஒருபோதும் இல்லை."

"'ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டு, அதை எப்படிச் செய்தேன் என்பதே நினைவில்லாமல் இருக்கிறேன்.'"

"டிரைவர் அப்பிடி இருக்க முடியுமாம்மா? ஒருபோதும் இல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "இதுல பேரு எழுத மாட்டங்க. ஒங்க முதலாளிகிட்டயெல்லாம் போவாது. காலையில இருந்து பாக்கறன், பாலக்கோட்டு டிரைவருங்க மொத்தப் பேரும் தவத்துல இருக்கிற முனிவருங்க மாதிரி பதில் சொல்றீங்க. எங்க மேடம் இத நம்புவாங்களான்னுதான் தெரியல."

"நம்பச் சொல்லும்மா. எங்க ஊரு அப்பிடி," என்றான் முருகேஷ்.

"கடைசிக் கேள்விங்கண்ணா. 'இப்போது நடப்பது எல்லாம் என் கையை மீறிப் போகிறது என்று தோன்றுகிறது.'"

ஆனந்து தம்ளரைக் கீழே வைத்தான். "ஒருபோதும் இல்லை," என்றான். சொன்ன குரல் அவனுக்கே அன்னியமாக இருந்தது. அவள் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டாள்.

அவன் சொன்னது அத்தனையும் பொய். காலையில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டபோது அண்ணி களி போட்டார்களா, இட்லி வைத்தார்களா என்று கேட்டால்கூட அவனால் சொல்ல முடியாது.

அவன் மனைவி தெரசா தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாதம் நிறைவதற்குள் வலி கண்டு, தையின் கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு சோளக்கதிர் அளவுதான் இருக்கும் என்று தெரசாவின் அக்கா சொன்னாள். பச்சைக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இதற்கு முன்பும் ஒன்று இதே மாதிரி முன்கூட்டியே பிறந்தது. ஆண் குழந்தை. அதைத் துணியில் சுற்றி ஆனந்தின் கையில் கொடுத்தார்கள். அவன் அதன் மூக்கையும் புருவத்தையும் பார்த்து, இது எங்கப்பன் ஜாடை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்ற நேரத்திலேயே அதன் மூச்சு அடங்கிவிட்டது. அவனுக்கு அது தெரியக்கூட இல்லை. நர்ஸ் வந்து வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் மறந்திருப்பேனோ என்று அவன் பல தடவை நினைத்ததுண்டு.

அதனால் இந்தக் குழந்தையை அவன் போய்ப் பார்க்கவில்லை. தினமும் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். "மேல வாங்க, பாப்பாவப் பாருங்க," என்று அவள் கூப்பிட்டால், "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா," என்பான். லீவு கேட்கவில்லை. மற்றவர்களின் டிரிப்பையும் சேர்த்து ஓட்டினான். குழந்தை பிறந்தது முருகேஷுக்குத் தெரியும். அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை என்பது தெரியாது.

மறுநாள் காலையில் பனி இன்னும் அடர்ந்திருந்தது. பஸ் நிறையக் கூட்டம். புலிக்கரையில் நின்றபோது, தர்மபுரி உழவர் சந்தையில் தக்காளி விற்கும் காசியம்மாள் முன்படிக்கட்டில் கூடையை ஏற்றிவைத்துவிட்டு, தானும் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள். பஸ் நகர்ந்துவிட்டது.

"அண்ணா! நிறுத்துண்ணா! நிறுத்து!" பின்வாசலிலிருந்து முருகேஷ் அலறினான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஆனந்து பிரேக்கை மிதித்தான். பஸ் குலுங்கி நின்றது.

அவன் இறங்கி ஓடிவந்து பார்த்தபோது காசியம்மாள் ரோட்டோர மண்ணில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் காலுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கூடையின் அகலம்கூட இல்லை. படிக்கட்டிலிருந்து கவிழ்ந்த தக்காளி ரோடெல்லாம் உருண்டு கிடந்தது.

"நானு விசிலே ஊதலயேண்ணா!" முருகேஷுக்கு மூச்சு வாங்கியது. "ஏன்ணா எடுத்த?"

ஆனந்து யோசித்துப் பார்த்தான். விசில் கேட்ட ஞாபகம் இல்லை. கேட்காத ஞாபகமும் இல்லை. புலிக்கரையில் பஸ்ஸை நிறுத்தியதே ஞாபகம் இல்லை. பாலக்கோட்டில் கிளம்பியது தெரிந்தது; அதற்குப் பிறகு இந்தக் கூச்சல்தான். நடுவில் வந்த வளைவுகள், எதிரே வந்த கரும்பு வண்டிகள், ஏறி இறங்கிய ஜனங்கள் எதுவுமே அவனிடத்தில் இல்லை. நேற்று அந்தப் பெண் படித்துக் கேட்டது அப்படியே காதில் ஒலித்தது.

"ஏம்பா, நானென்ன ஆளா, மூட்டையா?" காசியம்மாள் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும்; சந்தையில் கத்திக் கத்தி உரமேறிய குரல். "கண்ணு எங்க இருக்குது ஒனக்கு? பின்டயர் ஏறியிருந்தா எம் பொழப்பு என்னா ஆயிருக்கும்? மூணு பொம்பளப் புள்ளைங்களுக்கு நானு ஒருத்திதான்."

அவன் குனிந்து தக்காளியைப் பொறுக்க ஆரம்பித்தான். எடுத்தது மறுபடியும் கை நழுவி விழுந்தது. நசுங்கிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

காசியம்மாள் திட்டுவதை நிறுத்தினாள். "என்னாப்பா இது, அழுவறியா? வுழுந்தது நானு."

"எம் பொண்ணு ஆஸ்பத்திரியில பெட்டிக்குள்ள கெடக்குதும்மா. பொறந்து இத்தினி நாளாச்சு. நானு இன்னும் அது மூஞ்சியக்கூடப் பாக்கல."

ஜன்னல்களில் ஜனங்கள் தலை நீட்டினார்கள். முருகேஷ் அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"பாக்க வுடலியா?" என்று கேட்டாள் காசியம்மாள்.

"வுடறாங்க. நானுதான் போவல. போனா... மொதப் புள்ள மாதிரி ஆயிடுமோன்னு பயம்."

காசியம்மாள் முந்தானையால் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு ஊசி போடணும். மண்ணுல வுழுந்திருக்கறன், போடாம இருக்க முடியாது. ஒம் பொண்ணு இருக்கிற ஆஸ்பத்திரியிலயே போட்டுக்கறன். என்னத் தள்ளுனவன் நீ. நீதான் கூட்டிட்டுப் போவணும். எந்திரி."

ஆனந்து எழுந்து சாவியை முருகேஷிடம் நீட்டினான். "நீ ஓட்டு முருகேசு. நானு இன்னிக்கி ஸ்டியரிங்கப் புடிக்கக் கூடாது."

முருகேஷிடமும் ஹெவி லைசன்ஸ் இருந்தது; முதலாளி அழைத்தால் மாற்றுக்கு ஓட்டுகிறவன்தான். போனை எடுத்து முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஆனந்திடம் கொடுத்தான்.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?" முதலாளியின் குரல் கரகரத்தது. "அந்தம்மாவுக்கு வேண்டியதப் பாரு. புள்ள வூட்டுக்கு வர்ற வரைக்கும் நீ பஸ்ஸுப் பக்கம் வராத. வந்தா ஒதைப்பன். சீட்டு ஒனக்குத்தான், எங்கியும் போவாது."

பயணிகளில் சிலர் இறங்கி வந்து மீதித் தக்காளியைக் கூடையில் அள்ளிப் போட்டார்கள். ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. காசியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பயணியாக, அந்த ரோட்டில் அவன் தர்மபுரிக்குப் போனான். சோகத்தூர் வரும்போது பனி விலகி, வயலில் அவரைக்கொடி பூத்திருந்தது தெரிந்தது. இது எப்போது பூத்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் காசியம்மாளுக்குக் காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, ஊசியும் போட்டார்கள். "எலும்புக்கு ஒண்ணுமில்ல," என்று டாக்டர் சொன்னதும் ஆனந்து கையெடுத்துக் கும்பிட்டான். "அவரக் கும்புட்டது போதும், எந்த மாடி?" என்றாள் காசியம்மாள்.

மாடிப்படியில் தெரசாவின் அக்கா எதிரே வந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே கவலை படர்ந்தது. "கர்த்தர்தான் ஒங்கள அனுப்பியிருக்கறாரு. தெரசாவுக்குக் காலையில இருந்து காய்ச்சல். அவ பாப்பாவத் தொடக் கூடாதுங்கறாங்க. எனக்கும் சளி. நெஞ்சோட வெச்சிக்கிறதுக்கு ஆளு வேணும்னு நர்சம்மா கேட்டுட்டே இருக்கறாங்க."

கட்டிலில் படுத்திருந்த தெரசா அவனைப் பார்த்தாள். கண் காய்ச்சலில் சிவந்திருந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பாள் என நினைத்து அவன் தலை குனிந்து நின்றான்.

"சாப்ட்டீங்களா?" என்றாள் அவள்.

"தெரசா, நானு..."

"எனக்குத் தெரியுங்க. அன்னிக்கி அந்தப் புள்ள ஒங்க கையிலதான போச்சு. ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வருவீங்கன்னும் தெரியும். போங்க, கைய நல்லாக் கழுவிட்டு உள்ள போங்க."

பிரிவின் நர்ஸ் ஷைனி சின்ன வயசுக்காரி, அளந்து பேசுகிறவள். முழங்கை வரை சோப்புப் போடச் சொல்லி, ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்து, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தாள். "அப்பா நெஞ்சுச் சூடும் அம்மா நெஞ்சுச் சூடும் கொழந்தைக்கு ஒண்ணுதாங்க. கங்காரு குட்டிய வெச்சிக்கிற மாதிரி. இப்பதான் பெட்டிய விட்டு வெளிய எடுக்க ஆரம்பிச்சிருக்கறோம்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க சிஸ்டர்."

"எல்லா அப்பாவும் அதான் சொல்வாங்க."

தொப்பியும் காலுறையும் போட்ட ஒரு உயிரைக் கொண்டுவந்து அவன் நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினாள். கனமே இல்லை. ஒரு புறாவை வைத்தது போல இருந்தது. பிறகு வெதுவெதுப்பு தெரிந்தது.

"இவங்களுக்கு எப்பவாச்சும் மூச்சு விட மறந்துடும். மெஷின் இருக்குது, நானும் இருக்கறன். ஆனா ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். போன் பாக்காதீங்க. வேற ஒண்ணும் யோசிக்க வேணாம். மூச்சு வருதா, போவுதா, அத மட்டும் பாருங்க."

ஆனந்து பார்த்தான். ஒட்டிய வயிறு அவன் தோலின் மேல் மேலே வந்தது, கீழே போனது. மறுபடியும் மேலே வந்தது. சில சமயம் படபடவென்று, சில சமயம் மெதுவாக. காதோரம் பூனைமயிர். கீழ் உதடு தெரசாவுடையது. பார்க்கக் கூடாது என்று பயந்த அந்த முகத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பழைய குழந்தையின் ஞாபகம் வந்தது. அவன் அதோடு போகாமல் மூச்சுக்குத் திரும்பி வந்தான். ரோடு, பஸ், நாளைக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன வயிறு அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

திடீரென்று வயிறு மேலே வரவில்லை.

அவன் காத்திருந்தான். வரவில்லை. "சிஸ்டர்!" என்றான். அந்தக் குரலுக்கு ஷைனி ஓடியே வந்துவிட்டாள். துணிக்குள் கையை விட்டுக் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தாள். மெஷின் அப்போதுதான் கத்த ஆரம்பித்தது. குழந்தை உடம்பை ஒரு தரம் உதறி, முகத்தைச் சுளித்து, மூச்சை இழுத்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை.

"நல்லாப் பாத்தீங்க," என்றாள் ஷைனி. "மெஷினுக்கு முந்தி நீங்க பாத்துட்டீங்க."

ஆனந்தின் கண்ணீர் குழந்தையின் தொப்பியில் விழுந்தது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே காசியம்மாள் நின்றிருந்தாள். அவளை உள்ளே விடவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கி, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டாள். அவன் தலையை மட்டும் அசைத்துச் சிரித்தான். அதற்குப் பிறகுதான் அவள் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

அதிலிருந்து பகலெல்லாம் அவன் அந்த நாற்காலியில்தான். காய்ச்சல் விட்டதும் தெரசாவும் அவனும் மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். காலையில் எடை பார்த்து ஷைனி சொல்லும்போது, ஏறியிருந்தால் இரண்டு பேரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஏறாத நாளிலும் சொல்வார்கள்.

இடையில் ஒருநாள் மாற்றுத்துணி எடுக்கப் பாலக்கோடு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் தேவிப்பிரியாவைப் பார்த்தான். நேரே அவளிடம் போனான்.

"ஏம்மா, அன்னிக்கி நானு சொன்னதெல்லாம் பொய்யிம்மா. அத அழிச்சிட்டு மறுபடியும் எழுதிக்கோ. எல்லாத்துக்கும் எப்போதும்னு போடு."

நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் திறக்கவில்லை.

"அண்ணா, பதில மாத்தக் கூடாதுங்க. மொத சொன்னது பொய்யின்னு தெரிஞ்சதால அதையும் வெச்சிக்க முடியாது. உங்க தாள எடுத்துடத்தான் வேணும்."

"அப்ப நானு கணக்குலயே இல்லியா?"

"இல்லீங்கண்ணா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ஆனா முருகேஷண்ணா ஸ்டாண்டு பூரா சொல்லிட்டாரு. எம் மேலதாண்ணா தப்பு. டீக்கடையில பத்துப் பேரு முன்னால வெச்சி எந்த டிரைவரு உண்மையச் சொல்வாரு? அதையெல்லாம் தள்ளிட்டு, இப்ப கடத்தூரு, கம்பைநல்லூருல புதுசா ஆரம்பிச்சிருக்கறன், ஒவ்வொருத்தரையா தனியா உக்கார வெச்சி. கேட்டா அழுவறாங்கண்ணா. ஒருத்தரு ஒரு மணி நேரம் பேசுனாரு. எங்க மேடமே, இப்பதான் இது ஆராய்ச்சின்னாங்க. உங்களுக்கு நானு நன்றி சொல்லணும்."

"நீ எனக்கா? நல்லா இருக்குது போ," என்றான் ஆனந்து. "நீ கேக்கலன்னா எனக்கு என்னா ஆச்சுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

பங்குனி பாதியில் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனந்து பழையபடி பஸ் ஓட்டப் போனான். முதல் வாரம் முருகேஷ் முன்வாசலிலேயே தொற்றிக்கொண்டு வந்தான். பிறகு தானாகவே பின்வாசலுக்குப் போய்விட்டான். எந்நேரமும் மனசு ஒரே இடத்தில் நிற்கும் என்றெல்லாம் ஆனந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. போகும்தான். போனது தெரிந்தால் ஓரங்கட்டி, இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவான். ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

மாங்காய் பழுத்து மண்டியெல்லாம் வாசனை அடிக்கிற வைகாசியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். கிருபா மேரி என்று பேர். ஊரின் சின்ன மாதா கோயிலுக்கு ஷைனி வந்திருந்தாள்; முருகேஷ் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான்; கடைசி வரிசையில் தேவிப்பிரியாவும் அவள் பக்கத்தில் காசியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாள் மாதா கோயிலுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள்.

பிறருக்காக வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு நேரம் வந்ததும், குழந்தையின் தகப்பன் ஏதாவது சொல்கிறாரா என்று பூசை வைத்த சாமியார் கேட்டார். ஆனந்துக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"புலிக்கரை காசியம்மாளுக்காக," என்றான். "அவுங்களுக்காகவும் அவுங்க மூணு பொண்ணுங்களுக்காகவும் ஆண்டவர மன்றாடறன்."

'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சபை முழுவதும் ஒரே குரலில் மறுமொழி சொன்னது. அந்தப் பேரில் தங்கள் சபையில் யாரும் இல்லையே என்று சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

காசியம்மாள் தேவிப்பிரியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். ரகசியமாகக் கேட்பதாக அவளுக்கு நினைப்பு. சந்தைக் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

"ஏம் பாப்பா, எம் பேரத்தான சொன்னாரு? இப்ப நானு எந்திரிக்கணுமா, உக்காந்துக்கணுமா?"

சாமியார் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் கிருபா கண்ணைத் திறந்து, தகப்பன் முகத்தைப் பார்த்தாள்.